'டெத் மேக்னெட்டிக்': குறுந்தகட்டின் ஒலியா, விளையாட்டுப் பதிப்பின் ஒலியா?

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் 2008 செப்டம்பர் 12 அன்று வெளிவந்தபோது, ரசிகர்களிடம் ஐந்தாண்டு ஏக்கம் தேங்கியிருந்தது. 2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் கிட்டார் தனியிசைகள் இல்லை. தகரத்தைத் தட்டியதுபோல் ஒலித்த அதன் ஸ்னேரை, அதாவது டிரம் தொகுப்பில் கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்மை, பலரால் மன்னிக்கவே முடியவில்லை. புதிய ஆல்பத்திற்கு ரிக் ரூபின் தயாரிப்பாளராக வந்தார். எண்பதுகளின் நீண்ட பாடல்களும் வேகமான ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) கிட்டார் கலைஞர் கிர்க் ஹேமட்டின் தனியிசைகளும் திரும்பி வந்தன. பாடல்கள் நன்றாக இருக்கின்றன என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு எழுந்தது அவை பதிவாகியிருந்த ஒலியைக் குறித்துத்தான். அந்த வாதம் மற்ற ஆல்பங்களைச் சுற்றி எழும் வாதங்களிலிருந்து மாறுபட்டு நின்றதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதே இசையின் இன்னொரு வடிவம் எல்லோருக்கும் கிடைத்ததுதான்.

அந்த இன்னொரு வடிவம் 'கிட்டார் ஹீரோ 3' என்னும் வீடியோ விளையாட்டுக்காக, ஆல்பம் வெளியான சமயத்திலேயே தரவிறக்கத்திற்கு வந்தது. விளையாடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் அந்தக் கணத்தில் நின்றுவிட வேண்டும். மற்றக் கருவிகள் தொடர்ந்து ஒலிக்க வேண்டும். ஒரே தடமாகக் கலந்து முடித்த பாடலை வைத்து இதைச் செய்ய இயலாது என்பதால், கருவிகள் தனித்தனித் தடங்களாகப் பிரிந்த நிலையில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இறுதிக்கட்ட ஒலிச்சுருக்கம் ஏறாத பதிவு விளையாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ரசிகர்கள் அந்த ஒலியைப் பதிவுசெய்து, குறுந்தகட்டுப் பாடலின் அலைவடிவத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தார்கள். விளையாட்டுப் பதிப்பின் அலைவடிவத்தில் டிரம் அடிகள் ஒவ்வொன்றும் முள்முள்ளாக எழுந்து நின்றன. குறுந்தகட்டின் அலைவடிவமோ மேலும் கீழும் வெட்டி மட்டம் செய்த வேலியைப் போல் இருந்தது.

கண்ணால் பார்த்ததை எண்ணாலும் அளந்தார்கள். உச்ச ஒலிக்கும் சராசரி உரப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் டைனமிக் ரேஞ்ச் அளவையில் குறுந்தகட்டுக்குக் கிடைத்த மதிப்பு 3. விளையாட்டுப் பதிப்புக்குக் கிடைத்தது 12. குறுந்தகட்டுப் பதிவு விளையாட்டுப் பதிவைவிடச் சுமார் 10 டெசிபல் உரத்து ஒலிக்கிறது. நம் காதுக்கு அது கிட்டத்தட்ட இரு மடங்கு உரப்பு.

இந்த உரப்புதான் ஒப்பீட்டையே தடம் மாற்றிவிடுகிறது. ஒரே பாடலின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தால், உரத்து ஒலிப்பதையே காது சிறந்தது என்று முதலில் ஏற்றுக்கொள்ளும். குறைந்த உரப்பில் தாழ்சுருதி ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நம் செவிக்கு மங்கிப்போகின்றன என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் உரத்த பதிவு அதிக முழுமையும் செறிவும் உடையதாகத் தோன்றுவது இயல்பு. எனவே இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகு கேட்பதுதான் நியாயமான ஒப்பீடு. விளையாட்டுப் பதிப்பு மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் எத்தனை பேர் ஒலியளவுக் குமிழைத் திருப்பிப் பார்த்தார்கள் என்ற கேள்வியை நான் உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறேன்; நானும் முதல் நாள் அந்தத் தவறைச் செய்தேன்.

உரப்பைச் சமன்செய்து, நல்ல ஹெட்ஃபோனில் 'தி டே தட் நெவர் கம்ஸ்' பாடலைக் கேட்டால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் அந்தப் பாடல் கரடுமுரடற்ற, தூய கிட்டார் ஒலியில் மெல்லத் தொடங்கி, பிற்பாதியில் இரட்டை கிக் டிரம்மும் இரண்டு கிட்டார்களும் சேர்ந்து பாயும் வேகத்தை அடைகிறது. விளையாட்டுப் பதிப்பில் அந்தப் பிற்பாதி வந்து சேரும்போது உடல் தானாக நிமிர்கிறது, ஏனெனில் முன்பு இருந்ததைவிட ஒலி உண்மையிலேயே பெரிதாகிறது. குறுந்தகட்டிலோ, மெல்லிய தொடக்கமே மேற்கூரையை எட்டும் அளவுக்கு உயர்த்தப்பட்டிருப்பதால், உச்சம் வரும்போது ஏறுவதற்கு இடமில்லை. இசைக்கலைஞர்கள் வேகமாக வாசிக்கிறார்கள் என்பது புரிகிறது, அந்த வேகத்தின் எடை மட்டும் வந்து சேர்வதில்லை. குறிலும் நெடிலும் ஒரே மாத்திரையில் ஒலித்தால் செய்யுளின் ஓசை என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த இழப்பின் தன்மை புரியும்.

லார்ஸ் உல்ரிச்சின் டிரம்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்னேரை அடிக்கும் கணத்தில் எழும் கூர்மையான முதல் ஓசைதான் அலைவடிவத்தில் மிக உயரமான பகுதி. ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரும், எல்லை தாண்டிய அலைமுனைகளை நறுக்கிவிடும் கிளிப்பிங்கும் முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்டுப்பட்ட அடியிலிருந்து எஞ்சுவது ஒரு நொறுங்கிய சடசடப்பு. சிம்பல்கள் கிட்டாரின் இரைச்சலோடு கலந்துவிடுகின்றன. ராபர்ட் ட்ருஹியோ மெட்டாலிக்காவுக்காக வாசித்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. அவருடைய பேஸ் கிட்டார் விரல்நுனி ஓசையோடு காதில் விழுவது விளையாட்டுப் பதிப்பில்தான்.

குறுந்தகட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. ஹெவி மெட்டல் என்பதே சிதைந்த ஒலியில் பிறந்த இசை. அதில் சிதைவைக் குறை சொல்வது பொருந்துமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி வலுவானதுதான், ஆனால் அது இரண்டு வெவ்வேறு சிதைவுகளை ஒன்றாக எண்ணுகிறது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலி ஆம்ப்ளிஃபையரில் சிதைவது அவரே தேர்ந்தெடுத்த நிறம். அந்த நிறம் கிட்டாருக்கு மட்டும் உரியது. முழுக் கலவையும் எல்லையைத் தாண்டி வெட்டப்படும்போது, குரல், சிம்பல், பேஸ், கிட்டார் என எல்லாவற்றின்மீதும் ஒரே கறை படிகிறது. எந்தக் கருவி எவ்வளவு கரகரக்க வேண்டும் என்று முன்பு எடுத்த முடிவுகள் எல்லாம் அதன் அடியில் மறைந்துபோகின்றன.

ஓடும் காரிலும், நெரிசலான ரயிலிலும் குறுந்தகட்டுப் பதிவு எடுபடுகிறது என்ற வாதமும் உண்மையே. அங்கே மெல்லிய பகுதிகள் வெளிச்சத்தத்தில் மூழ்கிவிடும். சமதளமான பதிவு தப்பித்துக்கொள்ளும். ஆனால் வீட்டுக்குள் அமைதியாக அமர்ந்து கேட்பவருக்கு அந்த வசதியால் ஒரு பயனும் இல்லை. எழுபத்தைந்து நிமிடத்தை நெருங்கும் இந்த ஆல்பத்தைக் குறுந்தகட்டில் ஒரே அமர்வில் முடிக்க என்னால் இன்றுவரை இயலவில்லை. நான்காவது, ஐந்தாவது பாடலுக்குள் காது களைத்துவிடுகிறது. மேலும், இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அங்கே குறுந்தகட்டுப் பதிவின் உரப்பு தானாகவே குறைக்கப்பட்டு, எந்த ஆதாயத்திற்காக டிரம் அடிகள் பலியிடப்பட்டனவோ அந்த ஆதாயமும் இல்லாமல் போகிறது.

அதற்காக விளையாட்டுப் பதிப்பைக் குறையற்றது என்று கொண்டாடுவதும் சரியன்று. அது ஒலிக்கலவை முழுமையாக முடிந்த ஆல்பம் அன்று. இழப்புள்ள கோப்பு வடிவத்தில் சுருக்கப்பட்டு வந்தது. கைமாறி வந்த பிரதிகளின் தரமும் ஒன்றுபோல் இல்லை. என் காதுக்குச் சில இடங்களில் கிட்டார் தேவைக்கு மேல் முன்னே நிற்கிறது. கருவிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இறுதிக்கட்ட ஒட்டுதல் குறைவாகவே தெரிகிறது. 'தி அன்ஃபர்கிவன் 3' பாடலின் பியானோவும் தந்திக் கருவிகளும் இணைந்த தொடக்கத்தை நான் குறுந்தகட்டில் கேட்கத்தான் விரும்புகிறேன், ஏனெனில் அங்கே வெட்டுவதற்கு உரத்த டிரம் எதுவும் இல்லை, கலவையின் நேர்த்தியும் புலப்படுகிறது.

ஊசியால் இசைக்கும் வினைல் இசைத்தட்டு வாங்கினால் குறை தீரும் என்று நம்பிப் பணம் செலவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கலவை முடிந்த பாடல்களை வெளியீட்டுக்காக இறுதியாகச் செப்பனிட்ட மாஸ்டரிங் பொறியாளர் டெட் ஜென்சன், ஒலிக்கலவை தன்னிடம் வந்தபோதே நெருக்கி அழுத்தப்பட்ட நிலையில் இருந்ததாக ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் அப்போதே பரவியது. கலவையிலேயே வெட்டுப்பட்டதை இசைத்தட்டின் ஊசி ஒட்டவைக்காது. இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவுக்கு டைனமிக் ரேஞ்ச் அளவையில் கூடுதல் எண் கிடைப்பதைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அலையின் வடிவம் ஊசியின் வழியே சற்று மாறுவதாலேயே அந்த எண் உயர்ந்துவிடும் என்பதால், இந்த விஷயத்தில் அந்த அளவையை நம்ப வேண்டியதில்லை.

ஜென்சனின் பதில் வெளிவந்த பிறகு, ஆல்பத்தை மீண்டும் கலவை செய்து வெளியிடக் கோரிய மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்திட்டார்கள். உல்ரிச் குறுந்தகட்டின் ஒலியைப் பொதுவெளியில் ஆதரித்தே பேசினார். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. கலைஞரின் விருப்பத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் இந்தப் பாடல்களுக்குள் இன்னொரு ஒலி இருக்கிறது என்று ரசிகர்கள் கற்பனை செய்யவில்லை. அதைத் தங்கள் காதால் கேட்டுவிட்டார்கள். இன்று யாராவது இந்த ஆல்பத்தை எந்த வடிவத்தில் கேட்கலாம் என்று என்னிடம் கேட்டால், 'தி அன்ஃபர்கிவன் 3' பாடலின் தொடக்கத்தை மட்டும் குறுந்தகட்டுக்கு விட்டுவிட்டு, மற்ற ஒன்பது பாடல்களையும் விளையாட்டுப் பதிப்பில், ஒலியளவைத் தாராளமாக உயர்த்திவைத்துக் கேட்கச் சொல்வேன்.