சமூக மருத்துவ எம்.டி.யா, களப் பயிற்சியா?

பொது சுகாதாரத்தில் பொறுப்பான பதவிக்கு வர நினைக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று ஆண்டு எம்.டி. சமூக மருத்துவம், அதாவது மக்கள் கூட்டத்தின் நலனைப் பற்றிய பட்டமேற்படிப்பு. இன்னொன்று, சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் நடத்தும், நோய்ப் பரவலை நேரில் போய் ஆராயக் கற்றுத்தரும் இரண்டு ஆண்டுக் களப் பயிற்சி. நான் போனது இரண்டாவது வழியில். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எம்.டி.யின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகலாம், ஆய்வு முறையை ஆழமாகப் படிக்கலாம். கற்பிக்க ஆசை இருந்தால் தயங்காமல் அதற்கே போங்கள்.

களப் பயிற்சியின் வேர் 1951இல் அலெக்சாண்டர் லாங்மியூர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணியில் இருக்கிறது. செய்துதான் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வகுப்பு கொஞ்ச காலம்தான். பெரும்பகுதி நேரம் களத்தில், உண்மையான நோய்ப் பரவலுக்கு நடுவில் கழியும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: நமக்குக் கீழே வேலை செய்யாதவர்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று எங்கே கற்றுக்கொள்ள முடியும்?

ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும், இல்லை. குளோரின் போட வேண்டிய டேங்க் ஆபரேட்டர் ஊராட்சியின் ஆள். அங்கன்வாடிப் பணியாளர் வேறு துறை, தலைமை ஆசிரியர் வேறு துறை. 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுக்க வழி உண்டு. அது வேண்டியதுதான். ஆனால் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளி வைத்துக் குறித்த வரைபடத்தை ஊராட்சித் தலைவர் முன் விரித்து, எல்லாப் புள்ளியும் ஒரே குழாய் போகும் தெருவில் விழுவதைக் காட்டினால், அந்தக் குழாயைச் சரிபார்க்கப் பள்ளம் அன்றைக்கே தோண்டப்படும். அப்படிப் பேசும் பழக்கம் களத்தில்தான் வரும்.

நமக்குக் கீழே இருப்பவர்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆய்வுக் கூட்டத்தில் சத்தம் போடும் அதிகாரிக்குக் கிராம சுகாதார செவிலியர் இலக்கு எண்ணிக்கையை நிரப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு தெருவில் நான்கு பேருக்குப் பேதி என்றால் உடனே போன் செய்யமாட்டார். ஏன் தடுக்கவில்லை என்ற திட்டு முதலில் தனக்குத்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நோயாளிகள் கூடுவார்கள். நோயாளிப் பட்டியல் தயாரிக்க அவரோடு வீடு வீடாக நடந்த மருத்துவருக்கு அந்த போன் சீக்கிரம் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே களப் பயிற்சிக்கு என் ஓட்டு.

எம்.டி. மாணவர்களும் கிராமங்களுக்குப் போகிறார்கள், சரி. அந்தப் படிப்பை நான் வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். நல்ல துறைத் தலைவர் கிடைத்தால் இதெல்லாம் அங்கேயும் வரக்கூடும். மாநகராட்சியில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே உத்தரவும் நோட்டீஸும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

களப் பயிற்சிக்குப் போவதென்றால் இரண்டு விஷயம். பதவி உயர்வுக்கு அது கணக்கில் வருமா என்று பணி விதிகளை முதலில் பாருங்கள். அப்புறம், களப்பணிக்கு உங்கள் சொந்த மாவட்டத்தையே கேட்டு வாங்குங்கள். பயிற்சி முடிந்த பிறகும் நீங்கள் வேலை செய்யப்போவது அந்தச் செவிலியர்களோடும் அந்த ஊராட்சித் தலைவர்களோடும்தான்.