அம்பார்ஃபேயா, பஸே கொம்போஸேயா?

பிரெஞ்சு படிக்கும் தமிழர்கள் நிகழ்காலத்தைத் தாண்டியதும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நடந்ததைச் சொல்ல அம்பார்ஃபே (imparfait), பஸே கொம்போஸே (passé composé) என்று இரண்டு இறந்தகால வினை வடிவங்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

வடிவத்தை மட்டும் பார்த்தால் அம்பார்ஃபே சுலபம். நிகழ்காலத்தில் ‘நாங்கள்’ வடிவத்தை எடுத்து, அதன் விகுதியைக் கழற்றிப் புதியதை மாட்டினால் பெரும்பாலும் போதும். ‘நூ ஃபினிஸோன்’ (முடிக்கிறோம்) என்பதிலிருந்து ‘ஜ ஃபினிஸே’ (முடித்துக்கொண்டிருந்தேன்) வந்துவிடும். நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் காதில் விழுவது ஒரே ‘ஏ’ ஓசைதான். பஸே கொம்போஸேயில் கூடவே வரும் துணைவினை அவுவாரா (avoir, ‘உடைமை’ வினை) எத்ரா (être, ‘இரு’ வினை) என்று முடிவு செய்வதற்கே பாதி நேரம் போய்விடும்.

சிக்கல் பொருளில்தான். ‘நெடுநேரம் நடந்தால் அம்பார்ஃபே, சட்டென்று முடிந்தால் பஸே கொம்போஸே’ என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது தவறு. ‘லியோனில் பத்து வருடம் குடியிருந்தேன்’ என்பதற்கு பஸே கொம்போஸேதான் வரும். காலம் எவ்வளவு நீளமானாலும் ‘பத்து வருடம்’ என்று வேலி போட்டாயிற்று. ‘அப்போது லியோனில் குடியிருந்தேன்’ என்றால் வேலி இல்லை, அம்பார்ஃபே.

‘கிளம்பு’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வந்தபோது ‘எல் பார்த்தே’ என்றால் அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு மாட்டுகிறாள், இன்னும் தடுத்து நிறுத்தலாம். ‘எல் எ பார்த்தி’ என்றால் நான் வந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். கதையே மாறிவிடுகிறது! நம் ‘கொண்டிருந்தாள்’, ‘விட்டாள்’ இரண்டும் இங்கே நல்ல துணை.

ஆனால் அம்பார்ஃபே ‘கொண்டிருந்தேன்’ மட்டும் அல்ல. ‘சின்ன வயசில் தினமும் ஆற்றுக்குப் போவேன்’ என்கிறோமே, அந்தப் பழக்கத்தையும் அதுதான் சொல்லும். தமிழில் எதிர்கால வடிவம் செய்கிற வேலை இது. அதனால்தான் நம்மவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸவுவார்’, அதாவது தெரிந்திருப்பது. ‘ஜ ஸவே’ என்றால் எனக்கு முன்பே தெரியும். ‘ஜெ ஸ்யூ’ என்றால் பெரும்பாலும் தெரியவந்தது, அந்த நொடியில். இரண்டையும் மாற்றிச் சொன்னால் உண்மையே புரண்டுவிடும்.

எதை முதலில் பழகலாம் என்று கேட்டால், அம்பார்ஃபே என்பேன். பாட்டி வீட்டு விடுமுறையைப் பத்து வரி எழுதிப் பாருங்கள். அப்புறம் அதே பக்கத்தில் ‘ஒரு நாள்...’ என்று தொடங்குங்கள். பஸே கொம்போஸே தானாக வந்து நிற்கும்.