ஆசிரியர் நெறிமுறைத் திருத்தம்: தடைப்பட்டியலா, நெறிக்கோட்பாடா?

பள்ளி ஆசிரியர்களுக்கான தொழில் நெறிமுறைகளைத் திருத்த முனைவோர், செய்யக்கூடாதவற்றை வரிசைப்படுத்துவதா, சில அடிப்படை நெறிகளை மட்டும் வகுப்பதா என்று தயங்குவதுண்டு.

தெளிவு
பட்டியல்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும், 28ஆம் பிரிவு தனி டியூஷன் எடுப்பதையும் தடுக்கின்றன, இவற்றில் ஐயத்துக்கு இடம் குறைவு.
கோட்பாடு: கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அக்கறை, மதிப்பு, நம்பிக்கை, நேர்மை என்னும் நான்கை முன்வைக்கிறது, பொருள்கொள்ளும் பொறுப்பு ஆசிரியருடையது.

நீடிப்பு
பட்டியல்: 1973இல் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளை வகுத்தோர் வாட்ஸ்அப்பை எண்ணிப் பார்த்திருக்க முடியாது.
கோட்பாடு: வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புவதும், இரவு பத்து மணிக்கு ஒரு மாணவிக்கு மட்டும் ‘தூங்கிவிட்டாயா?’ என்று அனுப்புவதும் ஒன்றல்ல என்பதை, கருவி எதுவாயினும், நம்பிக்கை என்னும் நெறி பிரித்துக் காட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் சாய்வு இப்பக்கம்தான்.

நடவடிக்கை
பட்டியல்: அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்காக வழங்கப்படும் 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் மீறிய விதியைச் சுட்டிக் காட்டலாம்.
கோட்பாடு: ‘அக்கறையின்மை’ என்ற குற்றச்சாட்டு, வேண்டாதவரைப் பழிவாங்கவும் பயன்படலாம்.

ஆகவே தண்டனைக்குரிய அடி, பாலியல் அத்துமீறல், பண வசூல் ஆகியவற்றுக்குப் பட்டியலும், பயிற்சிக்கும் அன்றாட முடிவுகளுக்கும் கோட்பாடும் பொருந்தும். ஒன்டாரியோவும் தொழில்முறைத் தவறுகளைத் தனி ஒழுங்குவிதியாகவே பட்டியலிட்டு வைத்திருக்கிறது.