ஆட்நாவ் இல்லாதவர்களின் மும்பைப் பயணம்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மும்பையில் இறங்கினோம். டொராண்டோவுக்குப் போய் 14 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் அம்மாவைப் பார்க்க நான் மட்டும் இரண்டு முறை வந்து போயிருக்கிறேன். நானும் என் கணவரும் சேர்ந்து வந்தது இதுதான் முதல் முறை. நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், அவர் கும்பகோணத்துக்காரர். மும்பையில் எது கோளாறானாலும் அது என் பிறந்த வீட்டுக் குற்றம் என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம்.

விமான நிலையத்தில் ஒரு குறையும் இல்லை. அரை மணிக்குள் வெளியே வந்துவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் இடறல் மறுநாள் காலை மாட்டுங்கா கடைத்தெருவில். கரும்பு, மஞ்சள் கொத்து, பரங்கிக்காய்க் கீற்று, மொச்சை எல்லாம் பையில் ஏறிய பிறகு 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். காய்கறிக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. தராசின் மேல் ஒட்டியிருந்த கட்டம்போட்ட அட்டையைக் காட்டினார். சில்லறை வைத்துக்கொள்ளும் பழக்கமே போய்விட்டதாம். பக்கத்தில் கறிவேப்பிலை விற்ற பாட்டியும் அதே அட்டையைத்தான் வைத்திருந்தார். கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்த பூக்காரம்மா எங்களுக்காகப் பணம் கட்டினார். வந்த மறுநாளே பூக்காரம்மாவிடம் கடன்.

ஆகவே கைப்பேசியிலேயே பணம் கட்டும் யூபிஐ வேண்டும் என்று முடிவாயிற்று. கனடா உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணை வைத்தே யூபிஐ பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. ஆனால் அந்த எண் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். என் கணக்கு 2003இல், முதல் வேலை கிடைத்தபோது திறந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கு. வெளிநாட்டில் குடியேறியதுமே அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாற்றினால் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரியாகப் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் சும்மா இருந்துவிட்டேன். கணக்கில் இருந்த தொகைக்கு அந்த வட்டி ஒரு மசால் தோசைக்குக் காணாது என்பது வேறு விஷயம்.

வங்கியின் பெயர் வேண்டாம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, டோக்கன் இருந்தது, உட்கார நாற்காலி இருந்தது. கணக்கை மாற்றும்போதே அவர் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து நீட்டினோம். அங்கிருந்த இளைஞர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஆட்நாவ்?"

ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். மகாராஷ்டிரத்தில் ஒருவருடைய பெயர் மூன்று அறை கொண்ட வீடு. முதலில் தன் பெயர், நடுவில் அப்பா அல்லது கணவர் பெயர், கடைசியில் ஆட்நாவ். படிவங்களிலும் மூன்று கட்டங்கள். தமிழர்களாகிய நாம் அந்த மூன்றாவது கட்டத்துக்கு முன்னால்தான் காலங்காலமாக முழிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஐயர், நாடார், தேவர் எனச் சாதியை எழுதிவிட்ட மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். என் அண்ணன் பெயரிலும் அப்படியொரு வால் உண்டு. என் கணவர் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவதாகத் தீர்மானம் போட்டார்கள் அல்லவா, அதை நேற்று நடந்ததுபோல் சொல்லி வளர்த்தவர் என் மாமனார். மகனுக்கு அவர் விட்டுச்சென்றது ஓர் இனிஷியல் மட்டும்தான்.

அந்த இளைஞர் உதவி செய்யத்தான் நினைத்தார். "மதராசிதானே? ஐயர் என்று போடட்டுமா?" என்று கேட்டார். இவர் முகம் சிவந்துவிட்டது. நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

பாஸ்போர்ட்டைக் காட்டினோம். அங்கே இன்னும் வேடிக்கை. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பா பெயர். என்னுடையதில் என் கணவர் பெயர். கனடாவில் இதனால் அவரை எல்லோரும் மாமனார் பெயர் சொல்லியும், என்னை என் கணவர் பெயர் சொல்லியும் கூப்பிடுகிறார்கள், பழகிவிட்டது. அந்த இளைஞர் இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "கணவன் மனைவிக்கு ஒரே ஆட்நாவ்தானே இருக்க வேண்டும்?" என்றார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

அது முடிந்து கையெழுத்துக்கு வந்தோம். 2003இல் நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கே மறந்துபோயிருந்தது.  கடைசி எழுத்தின் சுழியை நீட்டி, பெயருக்கு அடியில் ஒரு கோடாக இழுத்து, முனையில் இரண்டு புள்ளி. இருபத்திரண்டு வயதுத் திமிர் அப்படியே திரையில் தெரிந்தது. அதே போல் போட வேண்டும் என்றார்கள். முதல் தடவை சுழி குட்டையாகிவிட்டது. இரண்டாம் தடவை புள்ளியை மறந்தேன். வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாள் ஓரத்தில் என் பெயரை நானே பார்த்து எழுதிப் பழகினேன். ஐந்தாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். ஏடிஎம் அட்டை தபாலில் வரும், பத்து நாள் ஆகும் என்றார்கள்.

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கணுவுக்கு மறுநாள் செம்பூர்ப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். செட்டா நகர் முருகனைப் பார்த்துவிட்டு, பெரியம்மா கையால் வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன கல்சட்டியை எடுத்து இவர் கையில் கொடுத்தார். "புதுக் கல்சட்டியைப் பழக்க உங்களுக்கு ஏது நேரம்? இது பழகினது, கொண்டு போ." மருமகப் பிள்ளை என்ற மரியாதையில் இவரும் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டார்.

ஆட்டோ சயனில் நின்றுவிட்டது. தெற்கு மும்பைப் பக்கம் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. இந்தப் பக்கம் சயன், அந்தப் பக்கம் பாந்திரா, அதோடு சரி. ஏறும்போதே ஓட்டுநர் "சயன் தக்", அதாவது சயன் வரைதான், என்று சொல்லியிருக்கிறார். இந்தி தெரியாத இவர், அது வழியில் வரும் ஓர் ஊர் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். முறுக்கு டின், புடவைப் பை, வாழைத்தார், கல்சட்டி எல்லாவற்றோடும் நடுத்தெருவில் நின்று டாக்சி பிடித்தோம். டிக்கியில் வைக்கும்போது கல்சட்டி விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. "உங்கள் ஊர் ஆட்டோ" என்று இவர் ஆரம்பித்தார். நான் சில்லைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இரவு பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கவலைப்படவில்லை. "விளிம்புதானே, குழம்பு அவ்வளவு தூரம் வராது."

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்த நிலத்தடி மெட்ரோவில் தாதரிலிருந்து கஃப் பரேடுக்குப் போனோம். சட்டை கசங்காமல் தென்மும்பையில் இறங்கியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. திரும்பும்போதுதான் எனக்கு லோக்கல் ரயில் ஆசை வந்தது. வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸில் ஏறினோம். அந்த நிலையத்துக்கு 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று பெயர் மாற்றினார்கள், 2017இல் 'மகாராஜ்' என்று சேர்த்தார்கள், எங்கள் அம்மாவுக்கு அது இன்றும் வி.டி.தான். நான் பெண்கள் பெட்டி, அவர் பொதுப் பெட்டி. வண்டி நகர்ந்த பிறகுதான் ஃபாஸ்ட் வண்டி என்று கவனித்தேன். தாதரை விட்டால் குர்லாவில்தான் நிற்கும். மாட்டுங்காவுக்கு ஸ்லோ வண்டி வேண்டும். நான் தாதரில் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே உள்ளூர் சிம் என் கைப்பேசியில்.

மாட்டுங்கா நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். 2017 முதல் முழுக்கப் பெண்களே நடத்தும் நிலையம் அது. எனக்குப் பெருமை உண்டு. முக்கால் மணி ஆயிற்று. ஒலிபெருக்கியில் இந்தியில் ஓர் அறிவிப்பு. "ஸ்ரீமதி" என்று தொடங்கி என் மாமனார் பெயரைச் சொல்லி, அவர் எங்கிருந்தாலும் டிக்கெட் கவுண்டர் அருகே வரவேண்டும் என்றார்கள். அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இங்கே எழுதவும் போவதில்லை. ஆனால் எனக்குத் தோன்றியது இதுதான்: மாமியார் கும்பகோணத்தில் அல்லவா இருக்கிறார், இங்கே எப்படி வந்தார்? மூன்றாவது தடவை அறிவித்த பிறகுதான் எழுந்து போனேன். கவுண்டர் அருகே இவர் வியர்த்துப்போய் நின்றிருந்தார். "ஆட்நாவ் கேட்டார்கள், பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொன்னேன்" என்றார்.

அட்டை பத்து நாளில் வரவில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை தபால்காரர் கொண்டுவந்தார். உறையைப் பிரித்து இவர்தான் முதலில் படித்தார், படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். வங்கி இளைஞர் கணவன் மனைவிக்கு ஒரே ஆட்நாவ் என்ற நியாயப்படியே செய்திருந்தார். அட்டையில் என் பெயர், அதன் பின்னால் என் மாமனார் பெயர். நம் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் இவருக்கு உடன்பிறந்தவள்.

அம்மா சிரிக்கவில்லை. "அது வேலை செய்கிறதா, பார்" என்றாள்.

அட்டை இல்லாமல் யூபிஐக்கு ரகசிய எண் போட முடியாமல் இத்தனை நாள் கிடந்தது. இப்போது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கடைத்தெருவுக்கு ஓடினேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, பெட்டிகள் கட்டியாகிவிட்டன. பூக்காரம்மாவின் கடனை அடைத்துவிட்டு, இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினேன். பணம் வந்துவிட்டதாக அவருடைய சின்னப் பெட்டி இந்தியில் உரக்க அறிவித்தது.

இவர் பூவை வாங்கி என் கையில் கொடுத்து, "பொங்கல் சீர் பாக்கி இருந்தது" என்றார். பணம் என் கணக்கிலிருந்துதான் போயிருந்தது.