ஹட்டன் பக்கத்து அறநெறி வதிவிட முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

ஓகஸ்ட் விடுமுறையில், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துக் கோயில் மடமொன்றில் நடக்கும் மூன்று இரவு முகாம் இது. 8 முதல் 14 வயது வரை, அறுபது பிள்ளைகள். பூசை, பஞ்சபுராணம் (திருமுறைகளிலிருந்து ஐந்து பாடல்கள்), யோகாசனம், கோலம், விளையாட்டு என்று நிகழ்ச்சி நிரல் எல்லா முகாமிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மலையில் ஒரு முகாம் நல்லதா இல்லையா என்பதைக் குளிரும் ஈரமும்தான் காட்டிக்கொடுக்கும். தென்மேல் பருவமழைக் காலத்தில் மலையின் மறுபக்கமுள்ள பண்டாரவளையில் வெயில் அடிக்கும். ஹட்டனில் துவைத்த காலுறை இரண்டு நாளானாலும் காயாது.

குளியல் விஷயத்தில் முகாம் நடத்துபவர்கள் கெட்டிக்காரர்கள். விடிய 5 மணிக்கு எழுப்பி, கை கால் முகம் கழுவ வைத்து, திருநீறு பூசி பூசைக்கு விடுகிறார்கள். தலைக்குக் குளிப்பது பிற்பகல் 2 மணிக்கு, விறகடுப்பில் காய்ச்சிய அண்டாத் தண்ணீரில், ஆளுக்கு ஒரு வாளி. “குளிக்காமல் சாமி கும்பிடுவதா?” என்று முணுமுணுக்கும் பெற்றோரும் உண்டு. விடியற்காலைப் பனியில் குளித்த பிள்ளைக்கு அன்றிரவே இழுப்பு (ஆஸ்துமா) வந்தால் யார் பதில் சொல்வது?

படுக்கைதான் குறை. சீமெந்துத் தரையில் நேரடியாக மெல்லிய பஞ்சு மெத்தை போடுகிறார்கள். தரையின் ஈரத்தை மெத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாம் இரவு அடிப்பக்கத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கும். கீழே பொலித்தீன், அதன் மேல் பாய், பிறகு மெத்தை என்று விரித்தால் தீர்ந்தது. கழிப்பறைக்குப் போகும் படியில் பாசி, விளக்கும் ஒன்றுதான். டோர்ச் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளை இரவு 10 மணிக்கு மற்றவர்களுக்குத் தெரியாமல் எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் மறைக்காமல் எழுதினால் போதும்.

பஞ்சபுராணத்தில் ஐந்தையும் திணிக்காமல் ஒரு தேவாரம், ஒரு திருப்பல்லாண்டு மட்டும் பழக்குகிறார்கள். ஆசிரியர் ஒரு வரி பாட, பிள்ளைகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். கொப்பியில் எழுதுவது கடைசியில்தான். சரியான முறை. ஆனால் ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியைப் பிடிப்பதால், சின்னவர்களுக்குக் கீழ் ஸ்தாயி எட்டாமல் பாதிப்பேர் வாயசைக்கிறார்கள். நாலு, ஐந்து கட்டைக்கு ஏற்றினால் மண்டபமே பாடும்.

சாப்பாடு சுத்த சைவம், ருசியும் உண்டு. காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். உறைப்புத் தாங்காத சின்னவர்களுக்குப் பால் சொதி. ஒரு கிலோ மாவுக்கு ஒரு தேங்காய், பன்னிரண்டு ரொட்டி. ஆளுக்கு இரண்டென்றால் பத்துக் கிலோ மாவு. அத்தனையையும் ஒரே தட்டில் சுடுவதால் முதலில் சுட்டது ஆறித் தோலாகிவிடுகிறது. குளிரில் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு விறைத்தும் போகும். இளஞ்சூட்டு நீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்து, இரண்டு தட்டில் சுட்டால் கடைசிப் பிள்ளைக்கும் சூடாகக் கிடைக்கும்.

விளையாட்டு முடிந்ததும் வரிசையில் உட்கார வைத்துக் கால்விரல் இடுக்கில் அட்டை பார்க்கிறார்கள். இழுத்துப் பிடுங்குவதில்லை, உப்புத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்கள். விழுந்த பிறகும் இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால். துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

வீட்டுக்குப் பேசும் நேரம் மாலைத் தேநீருக்குப் பின், படுக்கும் முன் அல்ல. படுக்கப்போகும் நேரத்தில் அம்மாவின் குரலைக் கேட்ட பிள்ளை தூங்காது, பக்கத்துப் பிள்ளையையும் அழவைக்கும்.

இழுப்பு உள்ள பிள்ளையானால் இன்ஹேலரைப் பையில் போடாமல் பொறுப்பாசிரியர் கையிலேயே கொடுங்கள். சமையல் புகை மண்டபத்துக்குள் வருகிறது. காலுறை நான்கு சோடி, கம்பளிப் போர்வை ஒன்று. எட்டு வயதுப் பிள்ளை இதற்கு முன் வீட்டை விட்டு ஓரிரவும் தங்கியதில்லையென்றால், அடுத்த வருடம் அனுப்பலாம்.