வல்லாரையா, பொடுதலையா?

வெறும் தரையை மூடுவதற்காக இரண்டையும் ஒரே நாளில் நட்டேன், எட்டு மாதம் ஆகிறது. இரண்டுமே பல்லாண்டுச் செடிகள், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்பவை. குணம் மட்டும் நேர் எதிர்.

வல்லாரைக்கு ஈரமும் பாதி நிழலும் வேண்டும். குழாயடியில் வைத்தது தளதளவென்று வந்தது. வெயிலில் வைத்த கொத்தோ, இரண்டு நாள் தண்ணீர் விடாததற்கே ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்ற முடியாதவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன்.

பொடுதலைதான் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. முதல் ஒன்றரை மாதம் தவறாமல் தண்ணீர் விட்டேன். வேர் பிடித்த பிறகு முழு வெயிலிலும் வாரம் ஒருமுறை போதுமாக இருக்கிறது. நான்கு விரல் உயரம் தாண்டவில்லை. இலையின் நுனிப் பக்கம் மட்டும் பல் பல்லாக இருக்கும். கருஞ்சிவப்பு நடுவைச் சுற்றி வளையமாகக் குட்டி வெள்ளைப் பூக்கள். குனிந்து பார்த்தால்தான் அந்த அழகு தெரியும். லேசாக மிதித்தாலும் தாங்கும். ஆனால் பூக்கும்போது தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

குறை ஒன்றுதான்: பாத்திக்குள் அடங்கி நிற்காது. மாதம் ஒருமுறை ஓரம் வெட்டியே ஆக வேண்டும். அப்புறம், வெட்டிய துண்டுகளைப் பக்கத்துப் பாத்தியில் எறியாதீர்கள், ஈரம் பட்டால் அங்கேயும் துளிர்த்துவிடும்.