கார்மின் பேஸ்கேம்ப்: ஸ்பிட்டி பயணத்துக்காக நான் கற்றுக்கொண்ட மென்பொருள்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து, ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான காஜாவுக்கு பைக்கில் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் கைபேசி வரைபடத்தையே நம்பிப் புறப்படுகிறார்கள். கிராம்பூவில் திரும்பி, சந்திரா ஆற்றை ஒட்டிச் செல்லும் கரடுமுரடான பாதையில் இறங்கிவிட்டால், சத்ரு, பாதல் ஆகிய இடங்களைக் கடந்து, 4,500 மீட்டருக்கும் அதிக உயரத்திலுள்ள குன்சும் கணவாயில் ஏறி லோசரில் இறங்கும்வரை, வழியில் பெரும்பகுதிக்குச் சிக்னலை நம்ப முடியாது. எந்த வழியில் போகிறோம் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து முடிவுசெய்து, அதை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குப் பட்டது. கணினியில் வழியை அமைத்துக் கார்மின் ஜிபிஎஸ் கருவிக்கு அனுப்ப உதவும் பேஸ்கேம்ப் மென்பொருளை நான் கற்கத் தொடங்கியது அதற்காகத்தான்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும் இந்த மென்பொருளைக் கார்மின் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அதைத் திறந்ததும் எதிரே நிற்பது வெறும் கோட்டுருவமான உலக வரைபடம். விரிவான வரைபடத்தைக் கணினியில் நிறுவினால்தான், அல்லது வரைபடமுள்ள கருவியை இணைத்தால்தான், வேலையே தொடங்கும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்கென்று உருவாக்கப்பட்ட வரைபடங்களையும் இதில் சேர்க்கலாம். இமயமலைப் பகுதிக்கு நான் பயன்படுத்தியது அவற்றைத்தான்.

கற்கும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ரூட் வேறு, ட்ராக் வேறு. ட்ராக் என்பது வரைந்து முடிந்த கோடு. அதை எந்தக் கருவியில் ஏற்றினாலும் அந்தக் கோடு அப்படியே இருக்கும். ரூட் என்பதோ நாம் குறித்த சில புள்ளிகளும், அவற்றுக்கிடையே எப்படிச் செல்வது என்ற கணக்கும் சேர்ந்தது. கருவிக்குள் போனதும் அந்தக் கணக்கு அங்குள்ள வரைபடத்தையும் அங்குள்ள அமைப்புகளையும் கொண்டு மறுபடியும் போடப்படலாம். மணாலி, கிராம்பூ என்று இரண்டே புள்ளிகளை வைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை இடம்பெறாத பழைய வரைபடம் கணினியில் இருந்தால், கோடு ரோதாங் கணவாய் மீது ஏறிப் போகும். கருவியில் புதிய வரைபடம் இருந்தால் அதே ரூட் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். ரோதாங் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அந்தக் கணவாய்ச் சாலையிலுள்ள மர்ஹியில் ஒரு புள்ளியை வைத்துக் கட்டிப்போட வேண்டும். எத்தனை புள்ளிகள், எந்த வளைவுக்குப் பின்னால், என்று பழகுவதுதான் இந்த மென்பொருளைக் கற்பதில் முக்கால் பங்கு.

புள்ளிகளிலும் இரண்டு வகை. சாதாரணப் புள்ளியை அடைந்ததும் கருவி அறிவிக்கும். அங்கே போகாமல் கடந்தால் திரும்பி வரச் சொல்லி வற்புறுத்தும். வலது சொடுக்கி, அறிவிப்பு வேண்டாம் என்று குறித்துவிட்டால், அது கோட்டை வளைக்க மட்டும் பயன்படும் புள்ளியாகிவிடும். இந்த வேறுபாட்டை நான் சரியாக உள்வாங்காமல் போனதோடு, வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்காமலே பாதலுக்கு மேலே ஒரு புள்ளியை வைத்திருந்தேன். அது குன்சும் சாலையில் விழாமல் சந்திரதால் ஏரிக்குப் பிரியும் மண்பாதையில் சில நூறு மீட்டர் உள்ளே விழுந்திருந்தது. பிரிவில் கருவி ஏரிப் பக்கம் திருப்பியது. கல்லும் சரளையும் நிறைந்த குறுகிய பாதையில் சிறிது தூரம் போனதும் அறிவிப்பு மணி அடித்தது; அடுத்த நொடியே வந்த வழியே திரும்பச் சொன்னது. சுமையேற்றிய பைக்கை அந்தச் சரிவில் திருப்ப இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் சாலையின் இரு ஓரமும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே வைக்கிறேன்.

பயண முறையை நேர்கோடு என்று வைத்துவிட்டால் மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோடு போகும். புதிதாகக் கற்பவர் அதைக் கண்டு பதற வேண்டாம்; மோட்டார் சைக்கிள் என்று மாற்றினால் சரியாகிவிடும். மென்பொருளுக்குள் ரூட்டுகளைத் தொகுத்து வைக்கப் பட்டியல்கள் உண்டு; ஒரே ரூட்டைப் பல பட்டியல்களில் வைக்க முடியும் என்பதால், பட்டியலிலிருந்து எடுப்பதற்கும் அடியோடு அழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. தோற்றம் பழையது, விண்டோஸ் பதிப்பின் மெனுவும் மேக் பதிப்பின் மெனுவும் ஒன்றல்ல, கைபேசியில் இயங்கும் பதிப்பு கிடையாது. நிறுவனம் இதை மேற்கொண்டு மேம்படுத்துவதையும் நிறுத்திவிட்டது. வளைவுகள் நிறைந்த சாலைகளைத் தானே தேடித் தரும் கூர்விகர் போன்ற இணையச் சேவைகள் கற்பதற்கு எளியவை. ஊட்டிக்கோ வால்பாறைக்கோ வார இறுதியில் போய்வருபவருக்கு அவையே போதும், பேஸ்கேம்பைக் கற்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் இணையமே இல்லாமல் மணாலி விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து, மறுநாளின் தூரத்தை அளந்து, காஜா பெட்ரோல் பங்க் வரை டேங்க் தாங்குமா என்று கணக்கிட்டு, ட்ராக்கின் உயர வரைபடத்தில் குன்சும் ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வைக்க எனக்கு இதுவே கைகொடுத்தது. இப்போது ரூட்டை அமைத்து முடித்ததும் அதிலிருந்தே ஒரு ட்ராக்கையும் உருவாக்கி, இரண்டையும் கருவிக்கு அனுப்பிவிடுகிறேன். வழிகாட்டும் ரூட் கோடு அடியில் கிடக்கும் ட்ராக்கை விட்டு விலகுவது தெரிந்தால், பைக்கை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டே மேலே போகிறேன்.